அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு: 750 மணி நேரக் கிளினிக்கலை எங்கே, எப்படி முடிப்பது?

டாலஸ்_இரவுப்பணி

வணக்கம். சென்னையில் பி.எஸ்சி. நர்சிங், டெக்சஸ் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம், மெட்-சர்ஜ் (பொது மருத்துவ, அறுவை வார்டு) ஐந்து வருடம், ஐ.சி.யு. ஒரு வருடம். கிரீன் கார்டு வந்துவிட்டது. நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதக்கூடிய நர்ஸ் பிராக்டிஷனர் ஆகப் படிக்க வேண்டும்.

1. எஃப்.என்.பி. (குடும்ப நர்ஸ் பிராக்டிஷனர்) எடுப்பதா, அக்யூட் கேர் (தீவிர நிலை நோயாளிகளுக்கானது) எடுப்பதா? எஃப்.என்.பி. இருந்தால் எங்கும் வேலை செய்யலாம் என்கிறார்களே?
2. கையில் இருக்கும் ஆன்லைன் அட்மிஷனில், கிளினிக்கலில் (நோயாளியை நேரில் பார்க்கும் பயிற்சி) மேற்பார்வையிட்டுக் கற்றுத்தருபவரை, அதாவது "பிரிசெப்டரை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும்" என்று இருக்கிறது. சேரலாமா?
3. எம்.எஸ்.என். (நர்சிங் முதுநிலை) போதுமா, நேராக டி.என்.பி. (நர்சிங் டாக்டரேட்) போவதா?

படிப்பு நடுவில் கலிஃபோர்னியாவுக்குக் குடிபோக நேரலாம். அதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்.

ஐசியு_ஆந்தை

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன் சிஸ்டர். மற்றதற்கெல்லாம் ஆள் வருவார்கள்.

"எஃப்.என்.பி. இருந்தால் எங்கும் போகலாம்" என்பது வாட்ஸ்அப் ஞானம். மேல்நிலை நர்ஸ்களின் பணிகளை வகுத்து 2008இல் வந்த கன்சென்சஸ் மாடல்தான் இன்றைக்கும் அடித்தளம். அதில் நான்கு பணிகள்: நர்ஸ் பிராக்டிஷனர், நர்ஸ் மிட்வைஃப் (பிரசவம் பார்ப்பவர்), நர்ஸ் அனஸ்தடிஸ்ட் (மயக்க மருந்து கொடுப்பவர்), கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட். யாரைப் பார்க்கப் போகிறோம் என்பதை வைத்து ஆறு பிரிவு: குடும்பம், பெரியவர்-முதியவர், குழந்தை, பச்சிளங்குழந்தை, மகளிர், மனநலம். இதில் பெரியவர்-முதியவர், குழந்தை இரண்டும் மட்டும் பிரைமரி, அக்யூட் என்று மறுபடி பிரியும். குடும்பப் பிரிவில் அக்யூட் கிடையாது.

கோடு எங்கே விழுகிறது என்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆஸ்பத்திரியா கிளினிக்கா என்பது கணக்கில்லை, நோயாளியின் நிலைதான் கணக்கு. நிலை தடுமாறுகிறவர், நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறவர், வென்டிலேட்டரில் இருக்கிறவர் எல்லாம் அக்யூட். அதே ஆஸ்பத்திரியின் வெளிநோயாளிப் பிரிவில் சர்க்கரைக்கு மாத்திரை மாற்ற வந்தவர் பிரைமரி. டெக்சஸ் நர்சிங் போர்டு (உரிமம் தரும் வாரியம்) "எதில் படித்து எதில் சான்றிதழ் வாங்கினாயோ அதுதான் உன் எல்லை" என்கிற கட்சி. முன்பெல்லாம் எஃப்.என்.பி.யை ஹாஸ்பிடலிஸ்ட் (உள்நோயாளிகளைப் பார்க்கும்) குழுவில் சேர்த்துக்கொண்ட ஆஸ்பத்திரிகளே இப்போது பிரிவிலெஜ் (அங்கே சிகிச்சை செய்யும் அனுமதி) கொடுக்கும் கட்டத்தில் நிறுத்திவிடுகின்றன.

தவறான பிரிவை எடுத்துவிட்டால் வெளியே வர வழி போஸ்ட் கிராஜுவேட் சர்டிஃபிகேட் (பட்டத்துக்குப் பின் இன்னொரு பிரிவுக்கான படிப்பு). புதுப் பள்ளி உங்கள் பழைய பாடங்களில் எது குறைகிறது என்று பார்த்து "கேப் அனாலிசிஸ்" போடும். மூன்று பி, அதாவது மேல்நிலைப் பேத்தோஃபிசியாலஜி, மேல்நிலை மருந்தியல், மேல்நிலை உடல் பரிசோதனை, இவை தனித்தனிப் பாடமாக இருந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். கிளினிக்கல் மணி நேரம் மட்டும் புதுப் பிரிவுக்குப் புதிதாகச் செய்ய வேண்டியதுதான்.

ஐ.சி.யு.விலேயே இருக்கப் பிடிக்கும் என்றால் பெரியவர்-முதியவர் அக்யூட் கேர். ஆனால் குழந்தைகளைப் பார்க்க முடியாது. கிராமத்துக் கிளினிக், அர்ஜென்ட் கேர் என்று போகிற எண்ணமிருந்தால் எஃப்.என்.பி. சரி. அனஸ்தடிஸ்ட் ஆசை இருந்தால் அது வேறு உலகம்: ஐ.சி.யு.வில் குறைந்தது ஒரு முழு வருடம், மூன்று வருட முழுநேர டாக்டரேட், குறைந்தது 2000 மணி நேரக் கிளினிக்கல். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது நடக்காது.

சான்றிதழ்ச்_சங்கிலி

இந்தியப் பட்டம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன், பள்ளி விளம்பரங்களில் வராது.

ஆர்.என். உரிமம் வாங்கியபோது செய்த மதிப்பீடு இப்போது செல்லாமல் போகலாம். பட்டப்படிப்புப் பள்ளிகள் பாடவாரியான மதிப்பீடு கேட்கும்: ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட், கிரேடு, மொத்த ஜி.பி.ஏ. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்கு மதிப்பெண் பட்டியல் கிண்டி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து மதிப்பீட்டு நிறுவனத்துக்கு நேராகப் போக வேண்டும். கையில் வைத்திருக்கும் நகலை ஸ்கேன் செய்து அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். விண்ணப்பக் கடைசித் தேதிக்கு ஆறு மாதம் முன்பே இதைக் கிளப்பிவிடுங்கள்.

அடுத்தது பெயர். மார்க்‌ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, டெக்சஸ் உரிமத்தில் கணவர் பெயர் என்று நம் ஆட்களுக்கு மூன்று பெயர் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி கையெழுத்தோடு ஒரு அஃபிடவிட் முதலிலேயே வைத்துவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

புள்ளியியலும் கவனிக்க வேண்டும். நம் பி.எஸ்சி.யில் அது ஆராய்ச்சிப் பாடத்தோடு ஒட்டிக்கொண்டு வருவதால் தனியாக மூன்று கிரெடிட் தேறாது. கம்யூனிட்டி காலேஜில் ஒரு செமஸ்டர் எடுத்தால் தீர்ந்தது. பள்ளிகள் "கடைசி ஐந்து வருடத்துக்குள்" என்று நிபந்தனை வைப்பதுண்டு, பார்த்து எடுங்கள்.

இதைப் படிக்கிறவர்களில் ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமா) முடித்தவர்கள் இருந்தால், நேராக எம்.எஸ்.என். விண்ணப்பம் போட்டுப் பணத்தை விடாதீர்கள். ஆர்.என்.-டு-எம்.எஸ்.என். பிரிட்ஜ் (டிப்ளமாவிலிருந்து முதுநிலைக்குப் பாலமாகும் படிப்பு) பார்க்கவும்.

கணக்குப்பிள்ளை

இரண்டாவது கேள்விக்குப் போகும் முன் கூட்டல் கழித்தல் ஒன்று போட்டுவிடுவோம். இதைப் போடாமல் சேர்ந்தவர்கள்தான் கடைசி செமஸ்டரில் தலையில் கை வைக்கிறார்கள்.

2022இல் வந்த தேசியத் தர விதிப்படி நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்குக் குறைந்தது 750 மணி நேரம், நோயாளியை நேரில் பார்த்த மணி நேரம். முன்பு 500 இருந்தது. சிமுலேஷன், லேபில் ஒருவரையொருவர் பரிசோதித்தது, சமுதாயப் பிராஜெக்ட் எதுவும் இந்த 750க்குள் வராது. அவற்றைப் பள்ளி கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை கிளினிக்கில் இருந்தால் ஒன்பது மணி நேரம் என்று எழுதக்கூடாது. சாப்பாட்டு ஒரு மணி போனால் எட்டு. வாரம் இரண்டு நாள் என்றால் 16. செமஸ்டர் 15 வாரம், மூன்று கிளினிக்கல் செமஸ்டர், ஆக 45 வாரம். 45 × 16 = 720. ஒரு நாள்கூட லீவு எடுக்காமல், பிரிசெப்டருக்குக் காய்ச்சல் வராமல், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை வராமல் போனாலே 30 மணி நேரம் குறைகிறது.

"செமஸ்டர் லீவில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைப்பீர்கள். பெரும்பாலான பள்ளிகளில் முடியாது. செமஸ்டர் ஓடாத நாட்களில் மேற்பார்வைக்கு ஆசிரியர் இல்லை, மாணவர் மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு) காப்பீடும் பொருந்தாது. அந்த நாட்களில் போனால் மணி நேரம் ரத்தாவது மட்டுமல்ல, ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம்.

ஆகவே இரண்டரை நாள் கணக்கில் திட்டமிடுங்கள். வாரம் 20 என்றால் 37.5 வாரத்தில் முடியும், ஏழு வாரம் கையிருப்பு. மூன்று 12 மணி நேர இரவுப் பணியோடு இது ஓடாது. கிளினிக்கல் வருடத்தில் முழுநேர வேலையை வீக்கெண்ட் இரண்டு ஷிஃப்டாக இறக்குகிறவர்கள்தான் தாக்குப்பிடிக்கிறார்கள். இரவு ஷிஃப்ட் முடித்து நேராகக் கிளினிக்கலுக்குப் போவதைப் பல பள்ளிகள் கையேட்டிலேயே தடை செய்திருக்கின்றன.

வெள்ளைக்கோட்டு

கணக்குப்பிள்ளை சொன்னது மாணவர் பக்கக் கணக்கு. இடம் கிடைக்கிற பக்கத்தில் இன்னும் மோசம்.

தர விதி கிளினிக்கல் இடத்துக்கான பொறுப்பைப் பள்ளி மேல்தான் வைக்கிறது. நடைமுறையில் பல ஆன்லைன் பள்ளிகள் "நீங்கள் தேடிக் கொடுங்கள், நாங்கள் ஒப்புதல் தருகிறோம்" என்று கை கழுவுகின்றன. அப்படிப்பட்ட பள்ளியில் சேரவே கூடாது என்று சொல்ல மாட்டேன். உள்ளூரில் தெரிந்த டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறவர்களுக்கு ஓடிவிடும். டாலஸ் மாதிரி பெருநகரத்தில் ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் நாலைந்து பள்ளி மாணவர்கள் நிற்கிறார்கள், அதுதான் சிக்கல்.

சேரும் முன் பள்ளிக்கு மின்னஞ்சல் போடுங்கள். தொலைபேசியில் அட்மிஷன் கவுன்சிலர் சொல்வதற்கு மதிப்பில்லை, எழுத்தில் வேண்டும். எனக்கு இடம் கிடைக்காவிட்டால் நீங்கள் இடம் தருவீர்களா, எத்தனை நாளில்? இடம் இல்லாமல் செமஸ்டர் தள்ளிப்போனால் மறுபடி கட்டணம் கட்ட வேண்டுமா? என் ஊரில் எந்தெந்த ஆஸ்பத்திரிக் குழுமங்களோடு இப்போதே ஒப்பந்தம் இருக்கிறது? குழந்தைகள் ரொட்டேஷனுக்கும் (அந்தப் பிரிவில் சுற்றுப் பயிற்சி) மகளிர் ரொட்டேஷனுக்கும் கடந்த செமஸ்டரில் எத்தனை பேர் காத்திருந்தார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அதுவே பதில். அடல்ட் இடம் எப்படியும் கிடைத்துவிடும், தொங்குவது எப்போதும் இந்த இரண்டும்தான்.

பிரிசெப்டர் "சரி, வா" என்று சொன்னதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பிரிசெப்டரின் உரிமம், தேசியச் சான்றிதழ், சி.வி. மூன்றும் பள்ளிக்குப் போக வேண்டும். அந்தப் பிரிவில் அவருக்குக் குறைந்தது ஒரு வருட அனுபவம் கேட்பார்கள். பிறகு பள்ளிக்கும் கிளினிக்குக்கும் இடையே அஃபிலியேஷன் (மாணவர் பயிற்சிக்கான) ஒப்பந்தம். தனி டாக்டர் கிளினிக் என்றால் இரண்டு வாரத்தில் கையெழுத்தாகிவிடும். பெரிய ஆஸ்பத்திரிக் குழுமம் என்றால் அவர்கள் வக்கீலும் நம் வக்கீலும் இழப்பீட்டு வரிகளில் மல்லுக்கட்டி மூன்று நான்கு மாதம் ஓடிவிடும். ஆகஸ்ட் செமஸ்டருக்கு மார்ச்சிலேயே தொடங்குங்கள்.

உடல்நலக் கோப்பில் நம் ஊர்க்காரர்களுக்கென்றே ஒரு சிக்கல்: சின்ன வயதில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டதால் டி.பி. தோல் பரிசோதனை பாசிட்டிவாகக் காட்டலாம். முதலிலேயே ரத்தப் பரிசோதனை, குவான்டிஃபெரான் மாதிரி, கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள். பி.சி.ஜி. அதைப் பாதிக்காது. அதுவும் பாசிட்டிவ் என்றால் எக்ஸ்ரே எடுத்து டாக்டர் கடிதம் வாங்க வேண்டியதுதான்.

கலிஃபோர்னியா விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நோயாளி இருக்கும் மாநிலத்தின் ஆர்.என். உரிமம் மாணவருக்கு வேண்டும். டெக்சஸ் காம்பாக்ட் மாநிலம் (ஒரே ஆர்.என். உரிமம் பல மாநிலங்களில் செல்லும் ஒப்பந்தத்தில் உள்ளது), கலிஃபோர்னியா இல்லை. ஆகவே தனி உரிமம். அதற்கும் மேல், வெளிமாநிலப் பள்ளி அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் மாணவரைக் கிளினிக்கலுக்கு வைக்கக் கலிஃபோர்னியா போர்டின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். பல பள்ளிகளிடம் அது கிடையாது. பாதியில் குடிபோனால் படிப்பு அப்படியே நிற்கும். கணினி எங்கிருந்தாலும் திறக்கும், கிளினிக்கல் அப்படி நகராது.

மிசிசிப்பி_மல்லி

ஏஜென்சி மூலம் பணம் கொடுத்து பிரிசெப்டர் பிடிப்பது பற்றி யாரும் பேசவில்லையே? ஒரு ரொட்டேஷனுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள். ஆனால் செமஸ்டர் தள்ளிப்போனால் ஆகும் நட்டத்தோடு பார்த்தால் அது மலிவுதானே?

வெள்ளைக்கோட்டு

மலிவுதான், பள்ளி அனுமதித்தால். கையேட்டைப் பாருங்கள் அக்கா. சில பள்ளிகள் மாணவர் பணம் கொடுப்பதை முழுக்கத் தடை செய்திருக்கின்றன. தெரியவந்தால் மணி நேரம் செல்லாது. அனுமதி இருந்தாலும், ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை முழுப் பணத்தையும் கட்டாதீர்கள். பிரிசெப்டரைப் பள்ளி நிராகரித்தால் பணம் திரும்புமா என்று எழுத்தில் வாங்குங்கள்.

அதற்கு முன் செய்ய வேண்டியது, பிரிசெப்டருக்கு என்ன லாபம் என்று தெரிந்துகொண்டு போய்க் கேட்பது. ஏ.என்.சி.சி. (சான்றிதழ்த் தேர்வு நடத்தும் வாரியம் ஒன்று) சான்றிதழைப் புதுப்பிக்க 120 மணி நேரம் பிரிசெப்டராக இருந்ததை ஒரு பிரிவாகக் காட்டலாம். ஜார்ஜியா, மேரிலாண்ட், ஹவாய் போன்ற மாநிலங்களில் வரிச் சலுகையும் உண்டு. "பள்ளி லெட்டர்ஹெட்டில் மணி நேரக் கடிதம் நானே வாங்கித் தருகிறேன்" என்று முதல் மின்னஞ்சலிலேயே எழுதுகிற மாணவருக்குப் பதில் வரும்.

ஐசியு_ஆந்தை

என் கட்சி வேறு. பணம் கொடுத்த இடத்தில் பிரிசெப்டர் மாணவரைக் கண்டிக்கத் தயங்குவார், "நன்றாகச் செய்கிறார்" என்று பெட்டி டிக் செய்து அனுப்பிவிடுவார். 750 மணி நேரத்தில் 400 மணி நேரம் மூலையில் நின்று பார்த்ததாக முடியும். மணி நேரம் தேறும், ஆள் தேற மாட்டார்.

மிசிசிப்பி_மல்லி

இலவச இடத்திலும் மூலையில் நிற்க வைப்பார்கள் தம்பி. அது காசால் வருவதில்லை. ஒரு நாளைக்கு 28 பேரைப் பார்த்தாக வேண்டும் என்ற அவசரத்தால் வருவது.

வெள்ளைக்கோட்டு

இருவரும் சொல்வது உண்மை. மூலையிலிருந்து வெளியே வருவது பாதி மாணவர் கையில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன், இந்தப் படிப்பின் நடு எலும்பே இதுதான்.

நல்ல ஆர்.என்.களுக்குத்தான் இது கடினம். வருடக்கணக்கில் எஸ்-பார் (நோயாளி நிலையைச் சுருக்கிச் சொல்லும்) முறையில் டாக்டருக்குப் போன் செய்து பழகிய நாக்கு கடைசியில் "என்ன செய்யட்டும்?" என்றுதான் நிற்கும். நர்ஸ் பிராக்டிஷனர் மாணவர் அந்த இடத்தில் நிற்கவே கூடாது.

ஒரே நோயாளி, இரண்டு விதமாகப் பாருங்கள்.

பழைய பழக்கம்: "58 வயது ஆண், பி.பி. மாத்திரை எடுக்கிறார், இருமலாம். பி.பி. 148/92, ஆக்சிஜன் 98, காய்ச்சல் இல்லை. என்ன பண்ணலாம் டாக்டர்?"

இருக்க வேண்டியது: "58 வயது ஆண். லிசினோப்ரில் 20 மில்லிகிராம் தொடங்கி இரண்டு மாதம், மூன்று வாரமாக வறட்டு இருமல். சளி, காய்ச்சல், மூச்சு வாங்குவது, எடை குறைவு, நெஞ்செரிச்சல் இல்லை. புகைப்பதில்லை. உதடோ முகமோ வீங்கியதில்லை. நுரையீரலில் கூடுதல் சத்தமில்லை, கால் வீக்கமில்லை. ஐந்து நிமிடம் உட்காரவைத்து நான் எடுத்த பி.பி. 146/90. மருந்தால் வந்த இருமல் என்பது என் முதல் எண்ணம். அடுத்து மூக்குச்சளி தொண்டையில் இறங்குவது, அதற்கடுத்து அமில ஏற்றம். லிசினோப்ரிலை நிறுத்தி லோசார்டான் 50 தொடங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு வாரத்தில் பொட்டாசியம், கிரியாட்டினின். நான்கு வாரத்தில் திரும்ப வரச் சொல்கிறேன், அப்போதும் இருமல் இருந்தால் எக்ஸ்ரே. என் சந்தேகம் ஒன்றுதான்: பி.பி. இலக்குக்கு மேலே இருப்பதால் அம்லோடிபைனை இன்றே சேர்ப்பதா, நான்கு வாரம் பொறுப்பதா?"

இரண்டாவதைச் சொல்ல ஒன்றரை நிமிடம் ஆகும். பிரிசெப்டர் உள்ளே போய் ஒன்றிரண்டை மட்டும் சரிபார்த்தால் போதும். அவருக்கு நேரம் மிச்சமாகிறது, அடுத்த நோயாளியை உங்களிடமே தள்ளுவார். உதடு வீக்கத்தை ஏன் கேட்டோம் என்று பிரிசெப்டர் மடக்கினால் பதில் இருக்க வேண்டும்: ஆஞ்சியோஎடிமா (மருந்தால் உதடு, முகம் வீங்குவது) வந்தவருக்கு லோசார்டானுக்கு மாற்றுவதும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம்.

ஸ்னாப்ஸ் என்ற ஆறு படி முறை இதற்குத்தான் இருக்கிறது: சுருக்கு, இரண்டு மூன்று சாத்தியங்களாகக் குறுக்கு, அவற்றை ஒப்பிடு, தெரியாததைக் கேள், திட்டம் சொல், வீட்டில் படிக்க ஒன்றை எடுத்துக்கொள். நான்காவது படியை நம் ஆட்கள் விட்டுவிடுவார்கள். தெரியாததைக் கேட்டால் மரியாதை போய்விடும் என்ற பயம். நல்ல பிரிசெப்டர் அதைத்தான் எதிர்பார்க்கிறார்.

மருந்துச்சீட்டு

வெள்ளைக்கோட்டு சொன்னதற்குக் குழந்தைகள் ரொட்டேஷனிலிருந்து ஒன்று சேர்க்கிறேன். மருந்தைக் கொடுத்துப் பழகியவருக்கும் எழுதப் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் இதில் நன்றாகத் தெரியும்.

மூன்று வயது, 14 கிலோ, காது அழற்சி, பென்சிலின் ஒவ்வாமை இல்லை, கடந்த ஒரு மாதத்தில் ஆன்டிபயாடிக் எடுக்கவில்லை. அமாக்சிசிலின் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 80 முதல் 90 மில்லிகிராம், இரண்டாகப் பிரித்து. 90 வைத்தால் 1260, ஒரு வேளைக்கு 630. சிரப் 5 மில்லியில் 400 மில்லிகிராம். 630 என்றால் 7.9 மில்லி வருகிறது. எந்த அம்மா சிரிஞ்சில் 7.9 அளப்பாள்? 7.5 மில்லி எழுதினால் ஒரு வேளைக்கு 600, நாளைக்கு 1200, கிலோவுக்கு 85.7. வரம்புக்குள் இருக்கிறது, அளக்கவும் சுலபம்.

இதுவரை ஆர்.என். கணக்கு, எல்லோரும் சரியாகப் போடுவார்கள். தப்பு அடுத்த வரியில். 7.5 × 2 × 7 நாள் = 105 மில்லி. மாணவர் பழக்கத்தில் "100 மில்லி பாட்டில் ஒன்று" என்று எழுதுவார். கடைசி வேளையில் இரண்டரை மில்லிதான் மிஞ்சும், கொட்டியதையும் சிரிஞ்சில் ஒட்டியதையும் சேர்த்தால் அதுவும் இருக்காது. மருந்துக்கடையிலிருந்து போன் வரும், இல்லையென்றால் வராமலே போகும். ஆர்.என். பணியில் பாட்டில் அளவு பற்றிக் கவலைப்படத் தேவையே இருந்ததில்லை, அதனால்தான் இந்த வரியில் சறுக்குகிறார்கள். "105 மில்லி, மிச்சத்தைக் கொட்டிவிடவும்" என்று எழுதப் பழக வேண்டும்.

வெள்ளைக்கோட்டு

ஒரு திருத்தம், அதற்கும் முந்தைய வரியில். மூன்று வயதில், மிதமான வலியோ கடும் வலியோ இரண்டு நாளாக நீளும் வலியோ 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலோ காதில் சீழ் ஒழுகலோ இல்லையென்றால், பெற்றோர் ஒப்புக்கொண்டு திரும்ப வர வழியும் இருந்தால், வலி மாத்திரையோடு இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம். "எவ்வளவு" என்று கணக்குப் போடும் முன் "கொடுக்கத்தான் வேண்டுமா" என்று கேட்க வேண்டும். பிரிசெப்டர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

மருந்துச்சீட்டு

ஒப்புக்கொள்கிறேன். அந்த வரியை விட்டுவிட்டேன்.

கணக்குப்பிள்ளை

லாக் (கிளினிக்கல் மணி நேரப் பதிவேடு) பற்றி இரண்டு வரி. டைஃபன், எக்ஸாட் மாதிரி மென்பொருள் எதைப் பள்ளி வைத்திருந்தாலும் அன்றன்றே ஏற்றுங்கள். பல பள்ளிகள் ஏழு நாளுக்குப் பிறகு பூட்டிவிடும். வயது, பாலினம், நோய்க் குறியீடு, வருகைக் குறியீடு, உங்கள் பங்கு எவ்வளவு, இவைதான் போகும். பெயர், பிறந்த தேதி, கோப்பு எண் போனால் அது தனியுரிமைச் சட்ட மீறல். "உங்கள் பங்கு" என்ற கட்டத்தில் முதல் 100 மணி நேரத்துக்குப் பிறகும் "பார்த்தது மட்டும்" என்றே ஓடிக்கொண்டிருந்தால், செமஸ்டர் நடுவிலேயே ஆசிரியரிடம் சொல்லுங்கள். முடிவில் சொன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

சான்றிதழ்ச்_சங்கிலி

மூன்றாவது கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. டி.என்.பி. கட்டாயம் என்று பயமுறுத்துகிறவர்களை நம்ப வேண்டாம். 2004இல் நர்சிங் கல்லூரிகளின் சங்கம் 2015க்குள் எல்லாம் டி.என்.பி. ஆக வேண்டும் என்றது, நடக்கவில்லை. பிறகு நர்ஸ் பிராக்டிஷனர் ஆசிரியர்கள் சங்கம் 2025 என்று தேதி வைத்தது, அதுவும் போய்விட்டது. எம்.எஸ்.என். முடித்தவர்கள் இன்றும் சான்றிதழ்த் தேர்வு எழுதுகிறார்கள். கட்டாயம் ஆனது அனஸ்தடிஸ்டுக்கு மட்டும்: 2022 ஜனவரி முதல் சேருகிறவர்கள் டாக்டரேட்டில்தான் சேர வேண்டும்.

வெள்ளைக்கோட்டு

அதோடு, டி.என்.பி.யின் கூடுதல் மணி நேரங்களில் பெரும்பகுதி தர மேம்பாட்டுப் பிராஜெக்டுக்குப் போகிறது. உதாரணமாக, கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் பரிசோதனை செய்கிற விகிதத்தைக் கூட்டுவது. நல்ல வேலைதான், ஆனால் நோயைக் கண்டுபிடிக்கும் கை அதில் வளராது. கற்பிக்கப் போகிறவர், நிர்வாகத்துக்குப் போகிறவர் எடுக்கட்டும். மற்றவர்கள் எம்.எஸ்.என். முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, முதலாளி பணம் கட்டினால் போகலாம்.

மிசிசிப்பி_மல்லி

இதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வருடம் கழித்துத் திரும்பப் படிக்கப் போகிறவர்கள் குறைவு. வீடு, பிள்ளை, கடன் என்று வந்துவிடும். ஆசிரியர் வேலையில் ஒரு துளி ஆசை இருந்தாலும் ஒரே மூச்சில் முடிப்பதுதான் நல்லது.

ஐசியு_ஆந்தை

தேர்வு பற்றி. எஃப்.என்.பி.க்கு இரண்டு வாரியம், ஒன்றில் தேறினால் போதும். ஏ.ஏ.என்.பி. வாரியம்: 150 கேள்வி, 135க்கு மட்டும் மதிப்பெண், மூன்று மணி நேரம், 800க்கு 500 வேண்டும். ஏ.என்.சி.சி.: 175 கேள்வி, 150க்கு மதிப்பெண், மூன்றரை மணி நேரம், 500க்கு 350. முதலாவது முழுக்க நோயாளி சார்ந்தது. இரண்டாவதில் கொள்கை, ஆராய்ச்சி, தொழில்நெறிக் கேள்விகளும் கணினித் திரையில் விடையை இழுத்துப் போடும் வகைக் கேள்விகளும் வரும். அக்யூட் கேர் எடுத்தால் ஏ.என்.சி.சி. அல்லது கிரிட்டிக்கல் கேர் நர்ஸ்கள் சங்கத்தின் வாரியம்.

தேர்வு முடிந்த கையோடு மருந்து எழுத முடியாது. மாநில ஏ.பி.ஆர்.என். (மேல்நிலை நர்ஸ்) உரிமம், என்.பி.ஐ. (தேசிய மருத்துவச் சேவையாளர் அடையாள) எண், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு டி.இ.ஏ. (போதைப்பொருள் அமலாக்கத் துறை) பதிவு எல்லாம் வேண்டும். டி.இ.ஏ.வுக்கு எட்டு மணி நேரப் போதைப்பொருள் சார்புப் பயிற்சி 2023 ஜூன் முதல் வேண்டும். பள்ளிப் பாடத்திலேயே அது வந்திருந்தால் தனியாகச் செய்யத் தேவையில்லை. அதற்கான கடிதத்தைப் பட்டத்தோடு சேர்த்தே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

டெக்சஸில் டாக்டரோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் ஒரு மருந்தும் எழுத முடியாது. ஷெட்யூல் இரண்டு மருந்துகள் (கடும் கட்டுப்பாடுள்ள வலி மருந்துகள் போன்றவை) ஆஸ்பத்திரியிலும் ஹாஸ்பிஸிலும் (இறுதிக்காலப் பராமரிப்பு) மட்டும். கலிஃபோர்னியா போனால் 2020இல் நிறைவேறிய ஏபி 890 சட்டத்தின் வழியில் 4600 மணி நேரம் அல்லது மூன்று முழுநேர வருடம் முடித்து, டாக்டர் இருக்கும் குழுவில் ஸ்டாண்டர்டைஸ்டு புரொசீஜர் (டாக்டரோடு சேர்ந்து எழுதிய செயல்முறை விதி) இல்லாமல் வேலை செய்யலாம். தனியாகக் கிளினிக் திறக்க அதற்கு மேல் இன்னொரு மூன்று வருடம்.

டாலஸ்_இரவுப்பணி

எல்லோருக்கும் நன்றி. ஆன்லைன் பள்ளிக்கு வெள்ளைக்கோட்டு சொன்ன நான்கு கேள்வியையும் அனுப்பினேன். மூன்றுக்குப் பதில் வந்தது, குழந்தைகள் ரொட்டேஷன் கேள்விக்கு "எங்கள் மாணவர்கள் வெற்றி பெறுகிறார்கள்" என்று வந்திருக்கிறது. கலிஃபோர்னியா முடிவு தெரியும் வரை அட்மிஷனை ஒரு வருடம் தள்ளிவைத்து, அதற்குள் புள்ளியியலை முடித்துவிடுகிறேன். அக்யூட் கேர் பக்கம்தான் மனம் போகிறது.

இன்னும் ஒன்று. என் ஐ.சி.யு.விலேயே நர்ஸ் பிராக்டிஷனர் ஒருவர் இருக்கிறார். என் ட்யூட்டி நாட்களிலேயே அவரோடு ரவுண்ட்ஸ் போனால் அந்த மணி நேரம் கணக்கில் வருமா?

கணக்குப்பிள்ளை

வராது சிஸ்டர். சம்பளம் வாங்குகிற நேரமும் கிளினிக்கல் நேரமும் ஒன்றாக ஓட முடியாது. அந்த நேரத்தில் மானிட்டர் அலறினால் நீங்கள் யாராக ஓடுவீர்கள், ஆர்.என். ஆகவா மாணவராகவா என்பதுதான் பள்ளியின் கேள்வி. அதே ஆஸ்பத்திரியில் வேறு யூனிட்டில், ட்யூட்டி இல்லாத நாளில், மாணவர் பேட்ஜோடு போனால் பல பள்ளிகள் ஒப்புக்கொள்ளும். உங்கள் மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.